உள்ளேயே இருக்கிற இன்வெர்ட்டர்

ஏப்ரல் 18, சனி

காலையிலேயே வெயில். மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்குவதற்குள் உள்ளங்கால் பொரிந்துவிட்டது. விடைத்தாள் திருத்தும் முகாம் நேற்றோடு முடிந்தது. அத்தனையும் பத்தாம் வகுப்புத் தமிழ். முதுகு போச்சு.

செய்ய: அரிசி புடைக்க. ஷமீமா அறைப் பரண் ஒழிக்க. கொசுவலை. குரோம்பேட்டை டாக்டரம்மாவைப் பார்க்க.

குன்னூரிலிருந்து சம்பந்தியம்மா போன். நல்ல மனுஷி. குரலே உயராது, அதுதான் எனக்குப் பயம். மகள் ஷமீமாவுக்கு எட்டு மாதம், எப்போது அழைத்துவரட்டும் என்று கேட்டேன்.

"தலைப்பிரசவம் தாய் வீட்லதான், நான் இல்லேங்கல. ஆனா கத்திரி வெயில், கரண்ட்டும் நிக்கறதில்லேங்கறீங்க. புள்ள தாங்குமா? இங்க கைக்குழந்தைக்கு ஆகும்னு ரூம் ஹீட்டர்கூட வாங்கி வெச்சாச்சு. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க வேண்டியவள் நானாம். குளிருக்கு ஹீட்டர் வைத்திருக்கும் வீட்டோடு, வெயிலுக்கு ஒன்றும் இல்லாத வீடு எப்படிப் போட்டி போடும்? ஒரே மகள். இந்த ஒரு முறைகூட அவளை என் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாதா? அழுதேன். பிறகு அரிசி புடைத்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

புழுக்கம். இலை அசையவில்லை.

வீட்டைக் குளிரவைக்க இவர் இதுவரை வாங்கிப் போட்டவை:

ஏர்கூலர். வீடு குளிரவில்லை, ஈரமானது. உப்பு தண்ணீராகி, அப்பளம் துவண்டு, மர அலமாரிக் கதவு ஊதிப்போய் ரம்ஜான் வரை திறக்கவில்லை.

பொருட்காட்சி ஜெல் தலையணை. படுத்த உடனே சில்லென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் நம்மைவிட அதற்குத்தான் காய்ச்சல்.

மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு. கண் கூசுகிறது என்று எதிர்வீட்டு சரோஜா அக்கா ஒரு வாரம் பேசவில்லை.

தண்ணீர் தூவும் ஃபேன். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

இவர் தாம்பரத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். வெளியே போனால் வேறு கடைகளைத்தான் பார்ப்பார். இன்று ஒரு நோட்டீஸோடு வந்தார். இன்வெர்ட்டர் ஏசி. புதுசாம். படத்தில் ஒரு குடும்பம் ஸ்வெட்டர் போட்டுச் சிரிக்கிறது. ஏசியையும் வாங்கிவிட்டு ஸ்வெட்டரும் எதற்கு?

ஏப்ரல் 21, செவ்வாய்

தாம்பரம் போய் ஏசி பார்த்தோம். டன், ஸ்டார், ஸ்டெபிலைசர், காப்பர். தலை சுற்றியது. ஒன்றரை டன் என்றதும் எங்கள் சுவர் தாங்குமா என்று கேட்டேன். விற்கிறவர் சிரித்தார். எடை இல்லையாம். எடை இல்லாத டன் எப்படி இருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன், இவர் என் கையை அழுத்தினார்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அதைக் கேட்டேன். கரண்ட் பிரச்சினைக்கு என்ன வழி?

"இது இன்வெர்ட்டர் மேடம். கரண்ட் பத்திக் கவலையே படாதீங்க."

இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். இன்வெர்ட்டர் எங்களுக்குத் தெரியாததா? சரோஜா அக்கா வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் அக்காவுக்குப் பேஜார். இதில் இன்வெர்ட்டர் உள்ளேயே இருக்கிறதாம். ஊற்றும் வேலை இல்லை. காலம் எங்கேயோ போய்விட்டது என்று ஆட்டோவில் வரும்போது பேசிக்கொண்டு வந்தோம்.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குன்னூருக்குப் போன் போட்டேன். இன்வெர்ட்டர் ஏசி வாங்கியாச்சு, கரண்ட் போனாலும் ஓடும் என்றேன். சம்பந்தியம்மா கொஞ்சம் தயங்கி, அப்படியென்றால் சரி, நானே கொண்டுவந்து விடுகிறேன், ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். போன் ஷ. கைக்குப் போனது. அவள் எடுத்தவுடன், "இன்வெர்ட்டர் ஏசியாம்மா? கரண்ட் போனாலும் ஓடும்னு கடையில சொன்னாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். உடனே ஊருக்கே கேட்கிற மாதிரி, "அப்ப நல்லதாப் போச்சு" என்றாள்.

ஏன் அந்தச் சத்தம்? விளங்கவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து இரண்டு பேர் வந்து ஏசி மாட்டினார்கள். சுவரில் ஓட்டை, வீடெல்லாம் செங்கல் தூள். ஓட்டிக் காட்டினார்கள். காற்று வந்தது. உடனே நிறுத்தச் சொன்னேன். மகள் வந்து அவள் கையால்தான் போட வேண்டும். ரிமோட்டின் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

சரோஜா அக்கா பார்க்க வந்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேட்டரி எங்கங்க?" என்றார்.

உள்ளேயே என்றேன். இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, எங்கே பிடிக்கும் என்றார். இவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். வெளியே மாட்டியிருக்கும் அந்தப் பெரிய பெட்டிதான் பேட்டரியாம். அக்கா தலையாட்டினார். நம்பிய தலையாட்டல் இல்லை அது.

மறக்காமல்: மாவடு. பழைய வேட்டிகள் கிழிக்க. அக்காவுக்குக் கிண்ணம் திருப்ப.

ஏப்ரல் 27, திங்கள்

அக்காவின் தலையாட்டல் மறக்கவில்லை. பயம்தான்.

கடைக்குப் போன் செய்தேன். இன்வெர்ட்டர் இருக்கிறதா இல்லையா என்றேன். ஒரிஜினல் இன்வெர்ட்டர் மேடம் என்று சத்தியம் செய்யாத குறை. சரி, பேட்டரி? "பேட்டரி ரிமோட்ல போட்டே குடுத்துட்டோம் மேடம்." வைத்துவிட்டேன்.

அகராதியைப் பார்த்தேன். இன்வெர்ட் என்றால் தலைகீழாக்கு. எதை?

கரண்ட் தினமும் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு போகிறது. அதற்கு முன்னால் ஏசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ரிமோட்டைக் கையில் எடுத்தேன். வைத்தேன். ஓடாவிட்டால் சம்பந்தியம்மாவிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் மகள் வரமாட்டாள். தெரியாதவரை நான் சொன்னது பொய் ஆகாது. ஆகுமா?

மே 3, ஞாயிறு

வந்துவிட்டாள். சென்ட்ரலுக்கு இவர் வாடகைக் கார் எடுத்துப் போய் அழைத்துவந்தார். முகம் வீங்கி, கால் வீங்கி, என் பெண்ணா இது? ரிமோட் உறையை அவளே பிரித்தாள். ஏசி போட்டாள். சம்பந்தியம்மா குன்னூரில் போர்த்தும் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்றார். ஞாயிறென்றோ என்னவோ கரண்ட் போகவேயில்லை. இப்படியொரு நாளும் உண்டா?

மே 4, திங்கள். கத்திரி ஆரம்பம்

போனது.

பகல் சாப்பாடு முடிந்து நாலு பேரும் ஏசி அறையில்தான் இருந்தோம். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எதிர்வீட்டில் மட்டும் ஃபேன் ஓடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. இவர் ரிமோட்டை எடுத்து அழுத்தினார், தட்டினார், திருப்பிப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, நின்ன மாதிரி இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஷ. சொன்னாள்: "ஓடுது மாமி. இப்ப இன்வெர்ட்டர்ல ஓடுது. அதுல சத்தமே வராது. கதவ மட்டும் திறக்காதீங்க."

சம்பந்தியம்மா கையைத் தூக்கிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா, சில்லுன்னுதான் இருக்கு" என்று சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணயர்ந்தார். அறையில் மிச்சமிருந்த குளிர் அவர் தூங்கும்வரை தாக்குப்பிடித்தது. அல்லாஹ்தான் காப்பாற்றினான்.

ஷ.வை அடுப்படிக்கு இழுத்துப் போனேன். என்னடி இது என்றேன். மாவடுவை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"இன்வெர்ட்டர் ஏசின்னா கரண்ட் கம்மியா இழுக்கும்மா. பில்லு கம்மியா வரும். அவ்ளோதான். கரண்ட் போனா அதுவும் போயிரும்."

உனக்கு எப்போது தெரியும்?

"நீ போன்ல சொன்னப்பவே."

அப்போதே சொல்லியிருக்கலாமே.

"சொன்னா அனுப்பியிருப்பாங்களா? எனக்கு உங்கிட்ட வரணும்னு இருந்துச்சு."

இத்தனை வருடமாக ஒரு சொல்லுக்கு இரு பொருள் என்று சிலேடை நடத்துகிறவள் நான். கடைக்காரனின் ஒரு சொல்லில் குப்புற விழுந்திருக்கிறேன். அதுகூடப் போகட்டும். மாமியாரிடம் பொய் சொன்ன மகளைத் திட்ட வேண்டுமா, கட்டிக்கொள்ள வேண்டுமா? இரண்டும் செய்யாமல் இன்னொரு மாவடு எடுத்துக் கொடுத்தேன்.

மே 5, செவ்வாய்

அனல். சம்பந்தியம்மா காலையில் கிளம்பினார். பிரசவம் இங்கேயே ஆகட்டும், மிஷின் நல்லா இருக்கு, சத்தமே இல்லை என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டிபன் டப்பாவைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். உண்மையை எப்போது சொல்வது? பேரப்பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டா?

பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் வாங்கலாம், சரோஜா அக்காவிடம் மாடல் கேட்கிறேன் என்கிறார் இவர். அதில் ஏசி ஓடாதாம், ஃபேன்தானாம். அப்படியென்றால் எதற்கு எது? மறுபடி முதலிலிருந்து.

லுஹருக்குப் பிறகு கரண்ட் போனது. கூடத்துத் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஷ.வைப் படுக்கவைத்தேன். விசிறி கிடைக்கவில்லை. ஏசியோடு வந்த விளக்கப் புத்தகம் இருந்தது, கெட்டி அட்டை. அதால் வீசினேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இந்தக் கை, அந்தக் கை, மறுபடி இந்தக் கை. வலி தாங்காமல் நிறுத்தினேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்: "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?"