கீழேயிருந்து படிங்க பாய்

அக்கா,

இன்னைக்குக் காலையில் ஜெராக்ஸ் மிஷினிலிருந்து வந்த ஒரு தாளைச் சூடு ஆறும் முன்னே எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்க செய்கிற வேலை அது. புது நகல்தானா, இல்லை பழைய தாளையே தலையில் கட்டுகிறானா என்று கன்னத்தில் வைத்துத்தான் சோதிப்பீங்க. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. எதிரே உங்க கொழுந்தனார் நின்றிருந்தார். அந்தத் தாள் உங்க இறப்புச் சான்றிதழ்.

சூலக்கரையில் ஆபீஸ்களுக்கு எதிர்த்தாப்ல இத்தனை வருசமாகக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், மனு டைப்பிங், லேமினேஷன் என்று எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். உங்களைப் போல் ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. முதல் முறை பட்டாசு ஆலைகள் நிறைந்த தாயில்பட்டியிலிருந்து பஸ் மாறி வந்து, கடைப் படியைக் கம்பால் தட்டிப் பார்த்து ஏறினீங்க. கறுப்புக் கண்ணாடியையும் ஊர்ப் பேரையும் சேர்த்து வைத்து, "வெடி விபத்தாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன் பாய், தாயில்பட்டிக்காரிக்குச் சுகர் வரக்கூடாதா?" என்றீங்க.

அப்புறம், கடையில் வேறு யாராவது இருக்காகளா என்று கேட்டீங்க. இல்லை என்றேன். அதை நம்பாமல், மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் சும்மா நின்றீங்க. அதுக்குப் பிறகுதான் பைக்குள் இருந்த காகிதம் வெளியே வந்தது. நல்ல ஆளிடம் வந்து மாட்டினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்க வீட்டுக்காரர் தவறிப் போனபின், அவரும் அவர் தம்பியும் சேர்ந்து வைத்திருந்த கூட்டுப் பட்டாவைப் பிரிக்கிற நேரம் அது. வீடும், வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிற துண்டும் உங்க பேருக்கு என்று கொழுந்தனார் சொன்னார். "கிணத்தோட உங்களுக்குத்தான் மதினி, சம்மதம்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். வாய் அப்படிச் சொல்கிறது, காகிதம் என்ன சொல்கிறது? கிணறு அவர் பக்கம் போயிருந்தால், ஒரு குடம் தண்ணிக்கு ஆயுசு பூராவும் அவர் வாசலில் நிற்க வேண்டும். உங்களுக்கு இருந்த பயம் அதுதான்.

நான் படிக்க ஆரம்பித்தேன். "மேலருந்து வேண்டாம், கீழேயிருந்து படிங்க பாய்" என்றீங்க. எதுக்கு என்றேன்.

"இட்டுக்கட்டிச் சொல்றவன் மேலருந்து நல்லா ஓட்டிக்கிட்டு வந்துருவான். கீழேயிருந்து வரிவரியாச் சொல்லச் சொன்னா நாக்கு இடறும்."

நான் இடறாமல்தான் படித்தேன். கிணறு உங்க பேரில்தான் இருந்தது. "சரி பாய்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனீங்க. மத்தியானம் பக்கத்து ஜூஸ் கடைக்காரர் வந்து, "அந்தக் கண்ணு தெரியாத அம்மா எங்கிட்டயும் ஒரு தாளப் படிக்கச் சொன்னாக பாய், அதுவும் தலைகீழா" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. தொழுகைக்குப் போகிற மனுசன், நான் எதுக்கு உங்களுக்குப் பொய் படிக்கணும்?

மறுமுறை வந்தபோது கேட்டேவிட்டேன். நீங்க கொஞ்சமும் அசரவில்லை. ரெண்டு பேரும் ஒண்ணு போலத்தான் சொன்னீக என்றீங்க. அப்படியென்றால் கையெழுத்துப் போட வேண்டியதுதானே என்றேன். "என் கொழுந்தன் ரெண்டு பேருகிட்டயும் பேசிருந்தான்னா?"

எனக்கு வந்த கோபத்தில் ஸ்டேப்ளரை மேஜையில் ஓங்கி வைத்தேன். சத்தம் வந்த பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னீங்க: "கண்ணு தெரிஞ்சவுக படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடாட்டி, வெவரமான ஆளுங்கிறீக. நான் போடாட்டி மட்டும் சந்தேகக்காரியா?" நான் ஸ்டேப்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

நீங்க நம்பியது உங்க போனை மட்டும்தான். எழுத்தை வாசித்துக் காட்டுகிற அந்தப் பெண் குரலை, "இந்தப் புள்ளைக்குச் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. எனக்காகவும் பொய் சொல்லாது, அவனுக்காகவும் சொல்லாது" என்பீங்க. ஆனால் அந்தக் காகிதத்தின் கோப்பைப் போனில் போட்டால், அந்தப் புள்ளை "படம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஆபீஸில் தாளை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டிருந்தார்கள். பார்க்கிறவனுக்கு அது பட்டா, போனுக்கு வெறும் படம்.

அதைப் போன் படிக்கிற மாதிரி எழுத்தாகக் கொடுக்கச் சொல்லி, மனு வாங்குகிற திங்கள்கிழமை தவறாமல் வந்து நின்றீங்க. எந்த ஆபீஸ் என்று இங்கே எழுதமாட்டேன் அக்கா, நாளைக்கும் நான் அங்கே போயாக வேண்டும். "யாராவது படிச்ச ஆளைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்கள். "படிக்கத் தெரிஞ்ச ஆளு நெறைய இருக்காக சார். எனக்கு நானே படிக்கணும்" என்றீங்க. உங்களுக்குத் துணையாக நின்ற நானே, இந்தப் பொம்பளைக்கு இம்புட்டுப் பிடிவாதம் ஆகாது என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

கடைசியில் ஒருநாள், அத்தனையையும் புதுசாக டைப் அடித்துக் கோப்பாகவே கொடுத்தார்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து போனை முடுக்கினீங்க. அந்தப் புள்ளை என்னென்னமோ உளறியது. இங்கிலீஷ் எழுத்து, கோடு, கமா, மறுபடியும் கோடு. ஒரு சொல் தமிழ் இல்லை. நான் திரையைப் பார்த்தேன், எல்லாம் சுத்தமான தமிழாக இருந்தது. உங்க முகம் கறுத்துப் போனது.

"பாத்தீகளா பாய். என் காதுக்கு எட்டக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணிருக்காக. அவன் வேலதான் இது."

எனக்கும் அப்போது சந்தேகம் வந்துவிட்டது. மறைக்க ஒன்றும் இல்லையென்றால் எதுக்கு இத்தனை குழப்படி? உங்க குரல் கேட்டு டைப்பிஸ்ட் அம்மா எழுந்து வந்தார். போனைக் காதில் வைத்துக் கேட்டதும் அவர் திகைத்துப்போனார். விசயம் இம்புட்டுத்தான். அவர் அடித்தது பழைய தமிழ் எழுத்துரு, சிவகாசிக் காலண்டர் கம்பெனிகளில் இன்னமும் ஓடுகிறதே, அந்த ரகம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளுக்குள் இங்கிலீஷ் எழுத்தாகத்தான் கிடக்கும். கண்ணில்லாத குரல் உள்ளே கிடப்பதைத்தானே படிக்கும்? அந்த அம்மா தன் சாப்பாட்டு நேரத்தைவிட்டு, போனுக்குப் புரிகிற எழுத்தில் முழுசையும் மறுபடி அடித்துக் கொடுத்தார். அப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்து, விசைச் சத்தத்தைக் காவல் காத்தீங்க.

இந்த முறை அந்தப் புள்ளை மேலேயிருந்து கீழே, தடங்கலில்லாமல் படித்தது. உங்க பேர், வீடு, கிணற்றோடு சேர்ந்த துண்டு. நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுக் கேட்டீங்க. கொழுந்தனார் முதல் நாள் சொன்னதுக்கு ஒரு சொல் மாறவில்லை. நீங்க கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீங்க. உங்களுக்கு எதுக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை என்று நான் கேட்கவில்லை.

"அவன் அன்னைக்கே நெசத்தத்தான் சொல்லிருக்கான் பாய். எனக்கு அதத் தெரிஞ்சுக்க ஒரு வழி இல்லாமப் போச்சே. கைக்குள்ள வளந்த புள்ளையக் களவாணியா நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

அவர் அன்றைக்கும் வந்திருந்தார். பட்டாசு லோடு இறக்கிவிட்டு வந்த வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, உள்ளே வரக் கூடாது என்று நீங்க சொன்னதால் சுவரோரம் வெயிலில் நின்றிருந்தார். நீங்க கையெழுத்துப் போட்டுவிட்டு, கம்பைத் தட்டிக்கொண்டு நேரே அவரிடம் போனீங்க. மாசக்கணக்காக ஒரு வார்த்தை பேசாத மனுசி, "ஏலே, சாப்பிட்டியா?" என்று கேட்டீங்க. அவ்வளவு பெரிய ஆள், மூக்கை உறிஞ்சினார். அந்த ஆடியில் ரெண்டு குடும்பமும் ஒரே வண்டியில் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் வந்தீங்க. எனக்கும் பொங்கச் சோறு வந்தது. சாமிக்குப் படைத்ததை நான் சாப்பிடமாட்டேன் என்று தனியாக ஆக்கியதாம். அதைக் கூடப் போய்வந்த ஜூஸ் கடைக்காரரிடமும் கேட்டு நானும் உறுதி செய்துகொண்டேன்.

இன்னைக்குச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்தேன், கீழேயிருந்து. கொடுத்த தேதி. பதிவு எண். தாயில்பட்டி முகவரி. கணவர் பெயர். அதுவரைக்கும் அது யாரோ ஒருத்தருடைய காகிதம்தான். மேலே போகப் போகக் குரல் இறங்கிவிட்டது. உங்க பேர் இருக்கிற வரி கடைசியாக வந்தது, அதை நான் படிக்கவில்லை.

கொழுந்தனார் சட்டைப் பையிலிருந்து உங்க போனை எடுத்தார். சான்றிதழின் கோப்பு அதிலேயே வந்திருந்தது. "இதுல போட்டுப் பாருங்க பாய்" என்றார். போட்டேன். அந்தப் புள்ளை "படம்" என்றது.

ஒரு மனுவை டைப் அடித்துக்கொண்டு, ரெண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம், இன்னைக்குத் திங்கள்கிழமைதானே. மனுவைப் பார்த்த அதிகாரி, "போய்ச் சேந்தவங்களுக்கு எதுக்குய்யா போன்ல படிக்கிற மாதிரி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிசமாகவே புரியாமல் கேட்டார்.

"மதினி பேருல உள்ள தாளு சார். அவுகளுக்குப் படிக்க முடியாத தாள நான் எப்படி நம்ப?" என்றார் உங்க கொழுந்தனார்.

அதிகாரி மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தார். இனிமேல் எல்லாமே போன் படிக்கிற மாதிரிதான் வரும், இதையும் மாற்றித் தருகிறோம் என்றார். மனு வாங்கியதுக்கு ஒரு சீட்டும் கொடுத்தார். வெளியே வந்து, அதை நான் கீழேயிருந்து படித்துச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

உங்க கொழுந்தனார் தலையாட்டினார். சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜூஸ் கடைப் பக்கம் நடந்தார். அங்கே அதை நீட்டி, கீழே விரல் வைத்துக் காட்டுவது எனக்குத் தெரிந்தது. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை அக்கா.