சலூமா தீவில் நான் நல்லவள்

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

இன்றைக்கும் ஒருத்தி. ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் இடுப்புப் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "நீங்க 'ஆவுடை இல்லம்' அழகம்மைதான?" ஆமாம் தாயே, அந்தப் பாவிதான்.

நாடகம் முடிந்து எட்டு வருஷம் ஆகிறது. மொத்தம் 2,140 எபிசோடு. அதில் ஒன்றில், மருமகளுக்கு வளைகாப்பு நடக்கும்போது, விஷம் கலந்த பால் டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனேன். அதையே ஒரு வாரம் முன்னோட்டமாகப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். மெட்ராஸை விட்டு சொந்த ஊருக்கு வந்து, ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்த பிறகும் என்னைச் சுப்புத்தாய் என்று கூப்பிட ஆள் இல்லை.

எங்க வீட்டுக்காரவிய சிரிக்காவ. "விடுட்டி, நீ கல்லாவுல உக்காந்திருந்தா ஒரு பய வரிசையை முந்த மாட்டாம்லா."

ஆகஸ்ட் 21

மெட்ராஸிலிருந்து பிரேமலதா போன். நாடகத்தை வெளிநாட்டு டிவிகளுக்கு அனுப்புகிற வேலை அவளுடையது. எந்த நாட்டில் எப்போது ஓடியது என்று முழு வரலாறும் எழுதுகிறாளாம். என்னிடம் ஏதோ கேட்க வந்தவள் அவளே எல்லாம் சொன்னாள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெர்வான் நாட்டில் அடுப்படிச் சண்டை எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்களாம். அப்புறம் நாடகத்தில் என்ன மிஞ்சும்? கொரேவாவில் ஒரே ஆள்தான் எல்லாருக்கும் குரல். எனக்கும் அந்த ஆம்பளையின் கட்டைக் குரல்தான். நினைத்து நினைத்துச் சிரித்ததில் மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டது.

அதிசயம் சலூமா தீவில்தான். முதல் 300 எபிசோடு டேப் பழுதாகிக் கிடந்ததால் அங்கே 301-லிருந்துதான் ஓடியிருக்கிறது. 301-ல் நான் ஜெயிலிலிருந்து வெளியே வருகிறேன் — பத்திரத்தைத் திருத்திய கேஸ். அதற்குப் பிறகு எல்லாரிடமும் பேச்சும் அடியும் வாங்குகிறவள் நான்தான். அதனால் சலூமாக்காரர்களுக்கு நான் வில்லியே இல்லை. சாமி! "அழகம்மைன்னு பேரு வச்ச பிள்ளைங்களே அங்க முப்பது இருக்கும்க்கா."

முப்பது பிள்ளை. இங்கே ஒன்றைத் தொட விடுகிறார்களா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விஜியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். என் மகளுக்கு அஞ்சாம் மாசம் தொடங்கிவிட்டது. ஐப்பசியில் நாகலாபுரத்தில், மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. எங்கள் வழக்கத்தில் முதல் காப்பு, வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டியது, பெற்றவள் போட வேண்டும்.

மாப்பிள்ளை ராஜபாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அத்த, தப்பா நெனைக்காதீய. அம்மை என்ன சொல்லுதாவன்னா... மொதக் காப்பை வேற யாராச்சும் போடட்டும்னு."

வேற யாராச்சும்.

சம்பந்தி பெத்தம்மாள் மதினி கெட்ட மனுஷி இல்லை. காதல் கல்யாணத்துக்கே மறுபேச்சு சொல்லாதவிய. ஆனால் இந்த ரெண்டு வருஷத்தில் எங்க வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததில்லை. "வயித்துக்கு ஒத்துக்காது மதினி" என்பாவ. இப்பல்லா புரியுது எதுக்குன்னு!

நடிச்சேன்! சம்பளம் வாங்கிட்டு நடிச்சேன்! அதுக்கு எம் மக கையில நான் காப்பு போடக்கூடாதா? அவிய வீட்டுப் பிள்ளையச் சுமக்கதுக்கு முன்னால அவ எம் மக இல்லையா?

ஆகஸ்ட் 25

விஜி போனில் அழுதாள். "நீ போடலேன்னா எனக்கு வளைகாப்பே வேண்டாம்மா." வாயைக் கழுவு என்று அதட்டி வைத்தேன். வைத்த பிறகு நானும் அழுதேன்.

ஆகஸ்ட் 30

போச்சு. பழுதான டேப்பை எல்லாம் சரிபண்ணிவிட்டார்களாம். நாளை மறுநாளிலிருந்து சலூமாவில் "அழகம்மையின் பழைய கதை" என்று முதல் 300-ஐயும் போடப்போகிறார்கள், தினம் நாலு எபிசோடு.

பிரேமலதாவிடம், "212-ஐ மட்டும் விட்டுரச் சொல்லேன்" என்று கெஞ்சினேன். அதுதான் பால் டம்ளர். "வரலாற்ற எப்படிக்கா வெட்டுறது?" என்கிறாள். தெர்வான்காரன் அடுப்படியையே வெட்டினானே, அவனைக் கேட்டாளா?

உலகத்தில் ஒரே ஒரு ஊரில் நல்லவளாக இருந்தேன். அதுவும் பொறுக்கவில்லை.

செப்டம்பர் 14

கணக்குப் போட்டேன். தினம் நாலு என்றால் 212 வருவது அக்டோபர் 23. அன்றைக்கு ஓடும் நாலில் கடைசி.

செப்டம்பர் 27

இன்றைக்கு எனக்கு ஒரு யோசனை ஓடியது. சலூமாக்காரர்கள் பார்த்த மாதிரியே 301-லிருந்து எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி மதினிக்குக் கொடுத்தால்? அழகம்மை திருந்தி, தலையில் மண் சுமந்து, பேரன் பேத்திகளை வளர்த்ததைப் பார்த்தால் மனசு மாறாதா? பெருமையாக எங்க வீட்டுக்காரவியளிடம் சொன்னேன்.

இவிய மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டாவ: "அழகம்மை நல்லவன்னு காமிச்சு நீ என்ன செய்யப்போற? நீ சுப்புத்தாய்லா?"

பென் டிரைவை மேசைக்குள் போட்டுவிட்டேன். மனுஷர் வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவார், அதுவும் சுருக்கென்று.

அக்டோபர் 11

நாகலாபுரம் பக்கம் மழையாம். உளுந்து விதைத்துவிட்டார்களாம். மதினி போன் பண்ணி மழைச் சேதி சொன்னாவ, விஜி நல்லா சாப்பிடுதாள்னு சொன்னாவ. காப்புப் பேச்சை அவியளும் எடுக்கல, நானும் எடுக்கல.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் கடையைத் திறக்கும்போதே பிரேமலதா போன். நான்தான் முந்திக்கொண்டேன். "சொல்லு, எப்படி வைதாங்க?"

வையவில்லையாம்.

நேற்று சலூமாவில் 212 முடிந்ததும் சனம் மொத்தமும் டிவி ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருக்கிறது. "எங்கம்மா அப்படிச் செய்யமாட்டா. அடுத்ததப் போடு, இப்பவே போடு" என்று. ஒரு கிழவி கம்பை ஊன்றிக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கே வந்து நின்றாளாம். கடைசியில் செய்தியை நிறுத்திவிட்டு 213-ஐப் போட்டிருக்கிறார்கள்.

213-ல் மனசு கேட்காமல் பாலைத் தட்டிவிடுகிறவள் நான்தான். எனக்கே அது மறந்து போயிருந்தது! ஊர் முழுக்க விஷம் வைத்தவள், விஷம் வைத்தவள் என்று சொல்லிச் சொல்லி, குடிக்கக் கொடுத்துவிட்டேன் என்றே நானும் நம்பியிருக்கிறேன் போல. கடைக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவிய ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாவ.

மத்தியானத்திலிருந்து ஒரே யோசனை. சலூமாக்காரி அடுத்ததைப் போடு என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டாள். பெத்தம்மாள் மதினி நாடகம் பார்க்கிறதை எதோடு நிறுத்தினாவ? மனசுக்குள்ளேயே சண்டை போட்டு மாரடிச்சேனே, இதைக் கேட்டேனா?

அக்டோபர் 26, ஞாயிறு

நாகலாபுரம் போய் வந்தேன். பஸ் இறங்கி நடந்ததில் செருப்பில் கரிசல் அப்பிக்கொண்டு ஒரு படி உயரமாகிவிட்டேன். மதினி கம்பு கொண்டு சுரண்டி விட்டாவ. விஜி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. "மதினி, எங்க நாடகத்த எதோட நிறுத்துனீய?"

மதினி கம்பைக் கீழே போட்டாவ. "அந்தப் பாலோட."

அப்புறம் அவியளே சொன்னாவ. பதினாறு வருஷத்துக்கு முன்னால் மூத்த மகள் மாரிச்செல்விக்கு ஏழாம் மாசம், தாய் வீட்டில் இருந்தாள். அம்மையும் மகளும் சேர்ந்துதான் பார்த்திருக்கிறார்கள். டம்ளர் உதட்டுக்கிட்டப் போச்சு, "தொடரும்" என்று போட்டுவிட்டான். விடிந்ததும் மாரிச்செல்விக்கு வலி. பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டிவி வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டாவளாம்.

"உங்க மேல எனக்கு என்ன கோவம் மதினி? நடிப்புன்னு தெரியாதா? ஆனா உங்க கையில ஒரு டம்ளரப் பாத்தா எனக்கு ஒடம்பு நடுங்குது."

என் கோபம் எல்லாம் எங்கே போச்சு என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது மதினி தரையைப் பார்த்தபடி கேட்டாவ: "அந்த நாடகத்துப் பிள்ளையும் போயிட்டுல்லா?"

கடவுளே. பதினாறு வருஷமா இந்த மனுஷி ரெண்டு பிள்ளைக்கு அழுதிருக்காவ.

"இல்ல மதினி! மறுநாளே நான் தட்டிவிட்டேன்! இந்தக் கையாலதான். டைரக்டருக்குப் பிடிக்காம ஒம்பது தடவ தட்டுனேன், சேலையெல்லாம் பாலு. பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. அதுக்குக் கல்யாணங்கூட நடந்துச்சு, நான்தான் பூ வச்சுவிட்டேன்."

"நெசமாவா?"

"எம் மக மேல சத்தியமா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படி ஒரு அழுகை. அழுது முடித்துச் சிரிக்கவும் செய்தாவ. "ஒரு நாளு பொறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும், பாருங்க."

கிளம்பும்போது சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன்: "மொதக் காப்ப நீங்களே போடுங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிடுதேன்." மதினி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாவ.

பஸ்ஸில் நினைத்துப் பார்த்தேன். காப்பைக் கேட்டு வாங்கப் போனவள் கேட்காமலே திரும்புகிறேன். ஆனால் நெஞ்சில் பாரம் இல்லை.

நவம்பர் 2

மாப்பிள்ளை போன். "அத்த, அம்மை என் போனப் பிடுங்கி வச்சுக்கிட்டாவ. 213-ல இருந்து பாக்குதாவ. ஆபீசுக்கு யாரு போன் பேச?" பிரேமலதாவைக் கூப்பிட்டு, அவள் வரலாற்றில் நாகலாபுரத்தையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அது எந்த நாடு என்று கேட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

உடம்பு அசதி. ஆனாலும் இதை எழுதாமல் படுக்க முடியாது.

விஜி பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்ன மாதிரி கூட்டத்தோடு ஓரமாக நின்றேன். மாரிச்செல்வி, அவளுக்கு இப்போது ரெண்டு பிள்ளைகள், காப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மையைத் தாண்டி நேரே என்னிடம் வந்தாள். "அத்த, மொதக் காப்பு நீங்கதான். அம்மை சொல்லிட்டாவ." கட்டும்போது விஜி தன் இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எல்லாரும் வளையல் போட்டு முடிந்ததும் பெத்தம்மாள் மதினி அடுப்படியிலிருந்து வந்தாவ. கையில் ஒரு டம்ளர் பால். கூட்டத்தில் ஒருத்தி வாயில் கைவைத்தாள்.

மதினியின் கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே என் கையில் கொடுத்தாவ. "பிள்ள காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல. நீங்களே குடுங்க மதினி. தட்டிவிட்டுராதீய, நம்ம வீட்டு எருமைப் பாலு."

நான் டம்ளரை விஜியின் வாயருகே கொண்டுபோனேன். மடமடவென்று குடித்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும். உதட்டைத் துடைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சீனியே போடலியேம்மா."

மதினிதான் முதலில் சிரித்தாவ.