பீட்ரூட் கேசரி

12.3.96, செவ்வாய்

நேற்று பக்கத்து வீட்டு மூன்று வயதுப் பாப்பாவுக்காகக் கேசரி கிளறினேன். கடைக் கலர்ப்பொடி என்றால் எனக்குப் பயம். அதனால் பீட்ரூட் சாறு ஊற்றினேன். இரண்டு கிண்ணம் தின்றாள்.

காலையில் அவள் அம்மா சாந்தி ஓடி வந்தாள். “ஏனுங்க்கா, அதுல என்னத்தப் போட்டீங்க? புள்ளைக்கு ஒண்ணுக்கு ரத்தமாப் போகுதுங்க!”

“வெறும் பீட்ரூட் சாறுதான் அம்மணி. கெடுதி பண்ணாதுன்னுதான்…”

நான் முடிப்பதற்குள் அவளும் வீட்டுக்காரரும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். மத்தியானம் வரை கேட்டருகிலேயே நின்றிருந்தேன்.

திரும்பி வந்ததும் அவள் வீட்டுக்காரர்தான் சொன்னார். “ரத்தமில்லீங்க, பீட்ரூட் சாயந்தானாம். சில பேருக்கு அப்படிப் போகுமாம். பயப்பட வேண்டாம்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க.”

சாந்தி என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் பாப்பா வழக்கம்போல என் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “அங்க போகாத கண்ணு” என்று சாந்தி தூக்கிக்கொண்டு போனாள்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை, அதுவே பெரிது. ஆனால் என் வீட்டுக்காரர் காலமான பிறகு இந்த வீட்டுக்குள் தினமும் வந்தது பாப்பா ஒருத்திதான். நாளைக்குக் கேட்டைத் திறந்து வைப்பதா, சாத்தி வைப்பதா என்று தெரியவில்லை.