வேட்டுச் சத்தம்

அன்புள்ள தஸ்லீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மலேசியாவில், கிள்ளானில் நான் சுகம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவும் ஜுபைர், மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரொஹிங்யா. மக்களைக் கொல்லும் அந்த நாட்டு ராணுவத்துக்கு இனி ஆயுதம் விற்பதில்லை என்று இன்னொரு நாடும் தடை போட்டதாக நேற்று டிவியில் சொன்னார்கள். சந்தோஷத்தில் நானே ஒரு தே தாரிக் டீ ஆற்றிக் கொண்டுபோய் அவனிடம் நீட்டினேன்.

"நல்லதுதான்ணே. ஆனா முன்னாடி வித்ததெல்லாம் அவங்ககிட்டதானே இருக்கு?" என்றான், கடையில் பழகிய தமிழில்.

தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

நீ கவலைப்படாதே. நாங்கள் ஒரே அறைதான், நல்ல துணை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பர்வேஸ் காக்காவிடம் அவனுக்கும் சேர்த்துக் கருவாடு கொடுத்துவிடு.

நீ அனுப்பிய உன் தம்பி கல்யாண வீடியோவை நான் அறையில் போட்டுப் பார்த்தபோது, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வேட்டு வெடித்ததும் ஜுபைர் கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டான். அதிலிருந்து எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். வேட்டு வெடிக்கும்போது நீ கேமராவைப் பார்த்து என்னிடம் ஏதோ சொல்கிறாய். என்னவென்று எழுது.

கடைக்கு நேரமாகிவிட்டது.

உன் மச்சான்,
சஃப்வான்