பெட்டியின் மேல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கேரம் டவுன்ஸ் கோயிலிலிருந்து காருக்கு வந்தபோது, இருக்கை தொட முடியாதபடி கொதித்தது. கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றேன். நாம் செய்த வானொலிப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

எழுபதுகளில், மெல்பனில் நாம் வேலை செய்த ஆய்வுகூடம் எந்நேரமும் குளிராகவே இருக்கும். இராணுவத்துக்கு வானொலிக் கருவி செய்தோம். சேதியைப் பல அலைவரிசைகளில் அகலப் பரப்பி இரைச்சலுக்கு அடியில் மறைத்து அனுப்ப வேண்டும். எதிரிக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும். நம் பெட்டிக்குள் இருந்த படிகப் பளிங்குத் துண்டில், சேதியைப் பரப்பிய அதே ஒழுங்கில் மெல்லிய உலோகக் கோடுகள். சேதி அவற்றோடு பொருந்தியதும் திரையில் ஒரு கூர்முனை எழும்பும். ஒவ்வொரு முறையும் நீ "வந்திட்டான்" என்பாய்.

ஒருநாள் எழுந்து போகச் சோம்பல்பட்டு, தேத்தண்ணிக் கோப்பையைப் பெட்டியின் மேலேயே வைத்தாய். கொஞ்ச நேரத்தில் முனை சரிந்து இரைச்சலுக்குள் போய்விட்டது. கோப்பையை எடுத்தாய், பெட்டி ஆற ஆற மெல்லத் திரும்பி வந்தது. சூட்டில் பளிங்கு விரிந்து கோடுகள் பொருந்தாமல் போயிருந்தன.

அதிகாரிகள் பார்வையிட வரவிருந்த கிழமை அது. சூட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றார் மேலாளர். உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அவர் கையில். அது போனால் யாழ்ப்பாணத்தில் காத்திருந்த உன் மனைவியை இங்கே கூப்பிட முடியாது.

"சும்மா இரு மச்சான். அவ வந்து சேரட்டும், பிறகு பாப்பம்," என்றேன்.

"வெயிலுக்க நிண்டு ரேடியோவில உதவி கேக்கிற சிப்பாய்க்கு என்ன சொல்லுறது?" என்றாய்.

அதிகாரிகள் முன்னால் முனை அழகாக எழுந்து நின்றது. தலையாட்டினார்கள். நீ ஆவி பறக்கும் கோப்பையைக் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்து, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாய். அவர்கள் கண்முன்னே முனை சரிந்து இரைச்சலுக்குள் மறைந்தது.

ஒப்பந்தம் போயிற்று. தொலைக்காட்சி திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். உன் மனைவி வந்து சேர வருடக்கணக்காயிற்று. உன்மேல் வந்த அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. பளிங்கை ஒரே சூட்டில் வைத்திருக்க வழி பார்க்கும் வேலையை என்னிடம் தந்தார்கள்.

இன்று உன் மகள் கேட்டாள், "அங்கிள், அப்பா அந்த லாப்ல என்ன செய்தவர்? எங்களுக்கு ஒண்டும் சொன்னதே இல்லை."

இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவர்கள் நாம். "தேத்தண்ணி குடிச்சவர், பிள்ளை," என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை, சூடான தேத்தண்ணிக் கோப்பையை மேலே வைத்துப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் நான் வெளியே அனுப்பியதில்லை.