பதினாலாம் நம்பர் பென்னி

நவம்பர் 3, திங்கள்

காலைலேர்ந்து தூறல். வாங்க வேண்டியது: சுகர் மாத்திரை, கொசுவத்தி, ஸ்கெட்ச் பேனா (கறுப்பு).

சனிக்கிழமை டாக்டர் "இனி பயமில்ல, படி ஏறலாம்"னுட்டார். ரெண்டு மாசம் கழிச்சு பரண்லேர்ந்து காசு ஆல்பத்தை இறக்கினேன். ஞாயித்துக்கிழமை அம்பத்தூர்ல எங்க காசு சேகரிக்கிறவங்க சங்கத்துக் கண்காட்சி. எனக்கும் ஒரு மேஜை, முதல் தடவையா. அட்டையில எழுத: "ஐரோப்பிய வெள்ளிக்காசுகள், எழுநூறு வருஷம் பழசு." கீழ "ரிட்டயர்டு டர்னர், ஆவடி"ன்னு போடலாமா? வேணாம். போடலாம்.

மொத்தம் இருபத்திமூணு. எண்ணினா இருபத்திரெண்டு. திரும்ப எண்ணினேன். பதினாலாம் நம்பர் பை காலி.

இங்கிலாந்து பென்னி. ஒரு பக்கம் கிரீடம் வெச்ச ராஜா, மறுபக்கம் விளிம்பு வரைக்கும் நீளற சிலுவை. என்கிட்ட இருக்கறதுலயே ஒசத்தி அதுதான். சுத்தியால அடிச்சு செஞ்சது, நெளிஞ்சிருக்கும். லேத்துல ஆயுசு பூரா நின்னவனுக்கு அந்தக் கோணல் மேல ஒரு தனிப் பிரியம்.

பரண் முழுக்கத் தேடினதுல கிடைச்சது: டார்ச் 2, பூட்டு 1 (சாவி இல்ல).

நவ. 4, செவ்வாய்

மழை இல்ல. காசும் இல்ல.

டிராயர், சட்டைப்பை, வாஷிங் மெஷின் பில்டர். நிர்மலா: "இன்னாத்த தேடிகினு கீறீங்க?" ஒண்ணுமில்லன்னேன். பொண்டாட்டிகிட்ட காசுப் பேச்சை எடுத்தா அவ்வளவுதான். "செல்லாக்காசு வாங்க ஓவர்டைம் பாத்த ஒரே ஆளு நீங்கதான்"னு ஆரம்பிச்சிருவா. முப்பது வருஷமா நான் சொல்ற பதில்: "எங்க போனாலும் செல்லும்."

சாயங்காலம் சாமி ரூம்ல திரி எடுக்கப் போனேன். அம்மன் படத்துக்குப் பின்னால ஒரு மஞ்சத்துணி முடிச்சு. தொட்டுப் பார்த்தேன். மெல்லிசு. நெளிசல். என் விரலுக்குத் தெரியாதா அந்தக் கோணல்.

நவ. 5, புதன்

கேட்டுட்டேன். செப்டம்பர்ல அந்தப் பென்னியை லென்ஸ்ல பார்த்துக்கிட்டு இருந்தப்பதான் நெஞ்சுவலி வந்தது. ஆட்டோ வர்றதுக்குள்ள நிர்மலா மாங்காடு அம்மனுக்கு வேண்டிக்கிட்டு மஞ்சத்துணியில காசு முடிஞ்சிருக்கா. "பர்ஸ தேடுற நேரமா அது? மேஜ மேல கைல ஆப்டத முடிஞ்சேன். ஆல்பத்த அப்பறமா பரண்ல ஏத்திட்டேன்."

நான் நல்லாயிட்டேன்னு டாக்டர் சொன்னதும் உண்டியல்ல போடறதா வேண்டுதல். டாக்டர் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை போறோமாம்.

"அதுக்குப் பதிலா ஐந்நூறு ரூபா நோட்டா போட்டுடலாமே?"

"முடிஞ்ச காச மாத்தக் கூடாது."

"அதுல சிலுவை இருக்கு நிர்மலா. அம்மன் கோயில்ல போடலாமா?"

"நீங்க ஐசியூல கெடந்தப்போ எதிர் ஊட்டு மேரி வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி வேண்டிகினா. நம்ம அம்மன் இன்னா, கோச்சிக்கினாளா?"

இட்லி நாலு. சட்னியில உப்பு கம்மி. டாக்டர் உத்தரவு.

நவ. 6, வியாழன்

மச்சினன் குமார் வந்தான். நிர்மலா தம்பி, ஐயப்பன்தாங்கல்ல ஆட்டோ ஓட்றான். நாளைக்கு அவன் வண்டிதான். தனியா கூட்டிட்டுப் போய் சொன்னேன்.

"இவ்ளோதானா மாமா? உண்டியல்ல செல்லாத காசு போட்டா பாவம். எங்கக்கா அதுக்கு பயப்புடும். செல்லாக்காசுன்னு ஒரு வார்த்த நீ சொல்லு, அதுவே அவுத்துக் குடுத்துடும்."

ஒரே வார்த்தை. முப்பது வருஷமா அவ சொன்னதை நான் ஒத்துக்கணும், அவ்வளவுதான். மானம் போகும், பென்னி வரும்.

பாத்ரூம்ல சொல்லிப் பார்த்தேன். "செல்லாது." நல்லாத்தான் வந்தது.

நவ. 7, வெள்ளி

வெயில். மாங்காட்டுல செம கூட்டம், எல்லார் கையிலயும் எலுமிச்சம்பழம். குமார் பின்னாலேர்ந்து இடிச்சுக்கிட்டே வந்தான். "சொல்லு மாமா. சொல்லு."

உண்டியல் கிட்ட போனதும் ஆரம்பிச்சேன். "நிர்மலா, அந்தக் காசு..."

திரும்பினா. கையில முடிச்சு வேர்வையில நனைஞ்சிருந்தது. "எனக்கும் ரெண்டு மாசமா அதே பயம்தாங்க. உங்க உசுருக்கு வெச்சது. அவசரத்துல செல்லாத காச வெச்சிட்டேனோன்னு மனசு அடிச்சிகினே கீது. நீங்களே சொல்லுங்க. செல்லுமா, செல்லாதா?"

குமார் ஓங்கி இடிச்சான்.

"செல்லும்"னேன்.

"எங்க போனாலும்?"

"எங்க போனாலும்."

துணியோட போட்டா. சத்தமே கேக்கல. குமார் தலையில அடிச்சுக்கிட்டான். வர்ற வழியெல்லாம் ஆட்டோவுல எனக்குக் கண்ணுல தண்ணி. நிர்மலா பக்தின்னு நெனச்சு திருநீறு பூசிவிட்டா.

நவ. 8, சனி

திரும்பத் தூறல். அட்டை எழுதி முடிச்சாச்சு. "ஆவடி" போட்டேன். பதினாலாம் பையைக் காலியாவே விட்டேன்.

நிர்மலா ஆல்பத்தை எட்டிப் பார்த்தா. "இதுல இன்னும் எது எது செல்லும்?" எல்லாமேன்னேன். "அப்ப நாளைக்கு நானும் வரேன்"னா. கல்யாணம் ஆனதுலேர்ந்து இதுதான் முதல் தடவை. புளிசாதம் கட்டறாளாம்.

காசு நோட்டுல எழுதினது:

எண் 14. இங்கிலாந்து, வெள்ளிப் பென்னி.
நிலை: லேசா நெளிசல். செல்லும்.
இருக்குமிடம்: மாங்காடு.