நாற்பத்தேழாம் எண்

12 ஜனவரி 1999, செவ்வாய்

காலையிலிருந்து போன் லைன் இல்லை. பதினொன்றரைக்குத்தான் வந்தது. மோடம் கத்திக் கத்தி ஒருவழியாக இணைப்புக் கிடைப்பதற்குள் எனக்குப் பசி எடுத்துவிட்டது.

எங்கள் மையத்தின் தண்ணீர் அறிக்கைகளை இன்டர்நெட்டில் போடுவதற்குச் சென்னைக் கம்பெனி கொடுத்த இடம் நிரம்பிவிட்டது. இனி ஒரு பக்கம்கூட ஏறாது. "பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடும்மா" என்றார் இயக்குநர் கோபாலசுப்பிரமணியன் சார். 1997 அறிக்கைகளில் பதினொன்றை அழித்தேன். அந்தப் பதினொரு எண்களையும் புது அறிக்கைகளுக்குக் கொடுத்தேன். 47 இதுவரை புன்னக்காயல் கிணறு. இன்றிலிருந்து பாபநாசம் படித்துறை.

பட்டியலில் ஓர் எண் காலியாகக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டில் பெயர்கூடச் சும்மா கிடக்காது. இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அவர் தாத்தாவின் பெயர், திருஞானசம்பந்தம். (எழுதலாம், சொல்லத்தான் கூடாது.) மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று அத்தை, பெற்ற பிள்ளையை நாற்பது வருஷமாகத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் தாத்தா பெயருக்கு ஏதோ நோட்டீஸ் வந்தது. அவர் செத்து முப்பது வருஷம். இவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அத்தைகூடச் சிரித்தார்கள்.

15 ஜனவரி

நேற்று பொங்கல். கரும்பு கடித்ததில் பல்வலி.

9 மார்ச், செவ்வாய்

புன்னக்காயலிலிருந்து ஒருவர் வந்தார். பாக்கியசீலன் என்று பெயர், அங்கே பள்ளி வாத்தியார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

கடிதம் டெல்லியில் ஓர் அறக்கட்டளையிலிருந்து. உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் இயந்திரம் கேட்டு, ஊர் சார்பில் இவர் போன நவம்பரில் விண்ணப்பித்திருக்கிறார். ஆதாரமாக எங்கள் பக்கத்தின் முகவரியையும் 47 என்ற எண்ணையும் எழுதியிருக்கிறார். அவர்கள் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். 'நீங்கள் காட்டிய ஆவணம் உங்கள் ஊரைப் பற்றியதே அல்ல. பாபநாசத்து நல்ல தண்ணீரைப் பற்றியது. பொய் ஆதாரம் தந்த விண்ணப்பத்தை ஏற்பதற்கில்லை. விளக்கம் இருந்தால் ஏப்ரல் பத்துக்குள் அனுப்பவும்.'

"நான் பொய் சொல்லுதேன்னு எழுதிருக்காவ, அம்மா. ஊருல எல்லாரும் படிச்சிட்டாவ. நான் என் கண்ணால இந்தப் பக்கத்தப் பாத்துதானே எழுதினேன். தூத்துக்குடில இன்டர்நெட் கடைக்குப் போயி காசு குடுத்துப் பாத்தேன்."

முதல் வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம் — தப்பு என்னோடது. நான் சொன்னது: "சார்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."

10 மார்ச்

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவர் நம்பரைத் தப்பா எழுதிட்டார். அவ்வளவுதான்."

"இல்ல சார். அவர் எழுதினப்போ அது சரி. நான்தான் மாத்தினேன்."

"ஒண்ணு தப்புன்னு நாமளே சொன்னா, மத்த நூத்திப் பன்னெண்டையும் யாரும்மா நம்புவா? உன்னைப் பெர்மனென்ட் பண்ற ஃபைல் இந்த மாசம்தான் கமிட்டிக்குப் போறது. இப்பப் போய் இதெல்லாம் வேணுமா?"

அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். ஏழு வருஷமாகத் தற்காலிகம். இவருடைய மில் மூடி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் மூன்று பேருக்கும் என் வேலை ஒன்றுதான். சார் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

12 மார்ச்

வாத்தியாருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

14 மார்ச், ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"எழுதிக் குடுத்தா அந்த மனுசன் உன்னய வேலைய விட்டு நிப்பாட்டுவாரு. குடுக்காட்டா நீ உன்னயே திட்டிட்டு இருப்ப. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், தாயி. ரெண்டுலயும் இந்த வீட்டுக்குள்ளதான் நான் உன் மொகத்தப் பாக்கணும்."

ஆறுதலா, குத்தலா? தெரியவில்லை. சமையல்கட்டில் அத்தை பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்கள்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஏன்டி, ஒரு நம்பர காலியா விட்டா உனக்கு என்ன கொறஞ்சிருக்கும்?

20 மார்ச், சனி

யாருக்கும் சொல்லாமல் புன்னக்காயல் போனேன். ஆத்தூரில் பஸ் மாறினேன். வாத்தியார் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். நல்ல தண்ணீர். விருந்தாளிக்கென்று விலைக்கு வாங்கி வைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரிந்தது. 1997-இல் இதன் கணக்கைத் தட்டச்சு செய்தவளே நான்தான். லிட்டருக்கு நாலாயிரம் மில்லிகிராம் உப்பு. அன்றைக்கு அது எனக்கு ஓர் எண் மட்டுமே.

சொல்லிவிட்டேன். பழைய பக்கத்தை அழித்ததையும் அதே எண்ணை வேறு ஊருக்குக் கொடுத்ததையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்ப நான் எழுதினது சரிதானே?" என்றார். சரிதான் என்றேன். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை தன் மனைவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஊர்க் கமிட்டிச் செயலாளர் பொறுப்பிலிருந்து அவரைப் போன வாரம்தான் விலகச் சொல்லியிருக்கிறார்கள்.

"அதக் கொஞ்சம் எழுத்துல குடுங்க, அம்மா."

"பாக்குதேன்" என்றேன். வெட்கமே இல்லாமல். திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். உள்ளங்கையில் துரு.

24 மார்ச், புதன்

ஹம்ஸினிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்தவள், இப்போது சென்னையில் நூலகர். பதில் வந்தது. நன்றாகத் திட்டியிருக்கிறாள்.

'ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது, மக்கு. பொருள் போய்விட்டாலும் எண் இருக்க வேண்டும். நான் இன்னது, இப்போது இங்கே இல்லை என்று அது சொல்ல வேண்டும். யாரோ எங்கோ அதை நம்பிக் குறித்து வைத்திருப்பார்கள். அது யாரென்று உனக்கு ஒருநாளும் தெரியாது.'

இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். பக்கத்தின் முகவரி என்பது அது குடியிருக்கும் வீட்டு விலாசம் மாதிரி. வீடு மாறினால் செல்லாது. அதனால் இப்போது வெளிநாட்டில் ஒரு நூலகத்தில், மாறாத பெயர் ஒன்றைப் பதிந்து வைத்துக்கொள்கிறார்களாம். பக்கம் எங்கே குடிபோனாலும், போன இடத்தை மட்டும் அங்கே திருத்தினால் போதும். மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பெயரைக் காட்டினால் என்றைக்கும் வழி தவறாது. கட்டணம் இல்லை.

இதை யாராவது எனக்கு ஜனவரியில் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா?

29 மார்ச்

பழைய அறிக்கையின் காகிதப் பிரதி பின்னறை பீரோவில் இருக்கிறது. பெருக்க வரும் மாரித்தாயிடம்தான் சாவி.

"எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன், யக்கா. திரும்பப் பூட்டிருங்க. அது போதும்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தேன். அவசரத்தில் இரண்டு தடவை எண்கள் தப்பின.

1 ஏப்ரல், வியாழன்

முட்டாள்கள் தினம். எனக்குப் பொருத்தமான நாள்.

ஏற்றிவிட்டேன். இடம் வேண்டுமே, அதற்காக முகப்பில் இருந்த சாரின் படத்தைப் பாதியாகச் சுருக்கினேன். இப்போது 47-ஐத் திறந்தால் முதலில் இதுதான் வரும். ஆங்கிலத்தில் போட்டதன் தமிழ்:

'12-1-1999 வரை இந்த எண் புன்னக்காயல் கிணற்று நீர் அறிக்கையைக் குறித்தது. அன்று அதை அழித்து, இதே எண்ணைப் பாபநாசம் அறிக்கைக்குக் கொடுத்தேன். அது தவறு. இந்த எண்ணை முன்பு மேற்கோள் காட்டியவர்கள் சரியாகவே காட்டினார்கள். இரண்டு அறிக்கைகளும் கீழே உள்ளன. இனி இந்த எண் வேறு எதற்கும் தரப்படாது. தி. சித்ரலேகா.'

மற்ற பத்துக்கும் அவற்றின் பழைய ஊர்ப் பெயரைக் குறித்து ஒரு வரி சேர்த்தேன். ஹம்ஸினி சொன்ன நூலகத்தில் 47-க்கு நிரந்தரப் பெயர் பதிந்து, அதை வாத்தியாருக்கும் டெல்லிக்கும் அனுப்பினேன். கையெழுத்துப் போட்ட கடிதம் தனியாகத் தபாலில் போனது.

பயமாக இருக்கிறது. ஆனாலும் இன்று இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

5 ஏப்ரல்

சார் பார்த்துவிட்டார்.

"எடுத்துடு."

"எடுத்தா அதே தப்பத் திரும்பச் செய்யற மாதிரி சார்."

என் ஃபைலை மேஜையிலிருந்து எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினார். என்னை வெளியே போகச் சொல்லவும் இல்லை. இந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை, அவருக்கும் தெரியும். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. நாளைக்கும் ஒன்பதரைக்கு வர வேண்டும்.

17 ஜூன்

டெல்லி மறுபடி விசாரிக்கிறதாம். வாத்தியார் போன் செய்தார்.

2 செப்டம்பர், வியாழன்

இயந்திரம் கிடைத்துவிட்டது. வாத்தியார் ஊர்க் கமிட்டிக்குத் திரும்பிவிட்டார். போனில் அவரே சொன்னார்.

மாலையில் சார் கூப்பிட்டார். குரல் இதமாக இருந்தது. "அவாளுக்கு வேண்டியது நடந்துடுத்து. இனிமே அந்தப் பக்கம் எதுக்கு? யாருக்கும் பிரயோஜனம் இல்லை, மையத்துக்குத்தான் அசிங்கம். எடுத்துடு. டிசம்பர் கமிட்டிக்கு உன் ஃபைலை நானே கொண்டுபோறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

5 செப்டம்பர், ஞாயிறு

மூன்று நாளாக ஆசை விடவில்லை. இரண்டு நிமிஷ வேலை. யாருக்கும் நஷ்டமில்லை. நல்ல மனுசர்தான், வாக்குத் தவற மாட்டார். இவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எடு என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

யாரோ எங்கோ குறித்து வைத்திருப்பார்கள் என்றாளே ஹம்ஸினி, பாவி.

6 செப்டம்பர்

முடியாது என்றேன். சார் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

30 டிசம்பர், வியாழன்

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று ஆபீசில் ஒரே பேச்சு. அறிவிப்புப் பலகையில் நிரந்தரமானவர்கள் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். இரண்டு பெயர்கள். மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலேயும் படித்தேன். நான் இல்லை.

மத்தியானம் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. டெல்லி அறக்கட்டளையின் ஆண்டு மலர், வாத்தியார் அனுப்பியிருக்கிறார். புன்னக்காயலுக்கு இரண்டு பக்கம். கடைசியில் பொடி எழுத்தில் ஆதாரங்கள். எங்கள் மையத்தின் அறிக்கைகளில் எப்போதும் சாரின் பெயர்தான் இருக்கும். ஏழு வருஷமாக நான் தட்டச்சு செய்த எதிலும் நான் இல்லை. இங்கே இருந்தேன். 'சித்ரலேகா, தி., 1999. எண் 47 பற்றிய திருத்தம்.' பக்கத்தில் நான் பதிந்த நிரந்தரப் பெயர், ஓர் எழுத்துப் பிசகாமல்.

அச்சில் என் பெயரை முதல் தடவையாகப் பார்க்கிறேன். என் தவறுக்குப் பக்கத்தில்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இவரிடம் காட்டினேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பட்டியலைப் பற்றிக் கேட்டார். இல்லை என்றேன். அத்தையைக் கூப்பிட்டு, "யம்மா, ஒம் மருமக பேரு வந்திருக்கு, வந்து பாரு" என்றார்.